கோன்பிளேக்ஸ் பெட்டியில் வெட்டிய மட்டை

"அந்த வருசம் நீர் ஆரோட கோவம் எண்டு தெரியாமல் நானும் பிள்ளையளும் வீட்டுக்குள்ள பதுங்கிப் பதுங்கித் திரிஞ்சம்" என்று என் கணவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். யாரோடு கோபம் என்று எனக்குத் தெரியும். பட்டியல் நீளமானது. அதன் கடைசியில் நின்றது யார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. வார நாட்களில் கவுன்சில் நூலகத்தில் சிறுவர் பகுதியில் வேலை. சனிக்கிழமைகளில் லண்டன் ஹரோவில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஆசிரியை. கட்டடம் ஒரு ஆங்கிலப் பள்ளிக்கூடத்தினுடையது. சுவரில் ஒட்டியிருப்பதைத் தொடக்கூடாது, கதிரைகளை இருந்தபடியே வைத்துவிட்டுப் போகவேண்டும், பன்னிரண்டரைக்குக் காவலாளி திறப்புக் கோர்வையை ஆட்டிக்கொண்டு வந்து நிற்பார். காலை ஒன்பதரைக்குத் தகப்பன்மார் நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டில் காரை நிறுத்தி, பிள்ளைகளைத் தள்ளாத குறையாக இறக்கிவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் வாசலில் வணக்கம் சொல்வார்கள். அதற்குப் பிறகு பன்னிரண்டரை வரை ஆங்கிலம்தான்.

இது நிர்வாகக் குழுவுக்குப் பெரிய தலையிடியாக இருந்தது. இதற்கு மருந்து கண்டுபிடித்தவள் நான்தான். இந்தப் பழியை வேறு யாருடைய தலையிலும் கட்ட முடியாது.

என் அப்பா யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படித்தவர். அங்கே தமிழ் பேசிப் பிடிபட்டவனின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்களாம். இன்னொருவன் தமிழ் பேசுவதைப் பிடித்துக் கொடுத்தால்தான் அது இவன் கழுத்தை விட்டு இறங்கும். அப்பா இதைச் சிரித்துச் சிரித்துத்தான் சொல்வார். நித்திரையில் தமிழில் உளறிய தன் உயிர்ச் சினேகிதனைத் தட்டியெழுப்பி, மரத்துண்டை அவன் கழுத்தில் மாட்டிவிட்டது அந்தக் கதையின் உச்சம். நாங்களும் வயிறு நோகச் சிரித்திருக்கிறோம்.

அந்த மரத்துண்டை நான் திருப்பிப் போட்டேன். தமிழுக்காகச் செய்தால் அது நல்ல காரியம்தானே? "முள்ளை முள்ளாலதான் எடுக்கவேணும்" என்று கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னேன். கை தட்டினார்கள். வீட்டில் கோன்பிளேக்ஸ் பெட்டியின் அட்டையில் ஒரு மட்டை வெட்டி, "நான் தமிழில் பேசுவேன்" என்று கறுப்பு மையால் கொட்டை எழுத்தில் எழுதி, சிவப்பு உல்லன் நூலில் கோர்த்தேன். ஆங்கிலம் பேசிய பிள்ளையின் கழுத்தில் மட்டை ஏறும். வேறொரு பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தால் இறங்கும். கடைசியில் யார் கழுத்தில் இருக்கிறதோ, அந்தப் பிள்ளை மண்டபத்தில் எல்லோரும் பாடி முடித்துக் கலையும்வரை முன்னால் நிற்கவேண்டும்.

வகுப்பு அடங்கியது. தமிழ் பேசினார்கள் என்று சொல்லவரவில்லை, பேசாமல் இருந்தார்கள். அந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியவில்லை. மற்ற வகுப்பு ஆசிரியைகளும் கேட்டார்கள். இன்னும் ஆறு மட்டைகள் வெட்டிக் கொடுத்தேன். பெற்றோர் வெறும் கோன்பிளேக்ஸ் பெட்டிகளைச் சேர்த்துக் கொண்டுவந்து தந்தார்கள். ஆண்டு விழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். நான் வெட்கமில்லாமல் போர்த்திக்கொண்டு நின்றேன்.

அந்த வருடம் ஈஸ்டர் விடுமுறைக்குப் பிறகு ஹொலண்டிலிருந்து ஒரு குடும்பம் ஹரோவுக்கு வந்தது. மகளுக்கு ஒன்பது வயது, என் வகுப்பு. மகனுக்கு ஐந்து வயது, கீழ்மாடியில் பாலர் வகுப்பு. தாயும் தகப்பனும் அங்கே ஆளுக்கொரு ஷிப்ட் வேலை செய்ததால் பையன் டச்சுக்காரரின் குழந்தைகள் காப்பகத்தில் வளர்ந்தவன். தமிழ் சொன்னால் விளங்கும், வாய் திறந்தால் டச்சுதான் வரும். அக்காவுக்கு நல்ல வீட்டுத் தமிழ் இருந்தது. ஆனால் தம்பியோடு பேசும்போது மட்டும் டச்சு. இடைவேளை மணி அடித்ததும் அவன் படியேறி ஓடிவருவான். இருவரும் ஜன்னலடியில் நின்று, ஒரே பிஸ்கட் பக்கெட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, குருவிகள் மாதிரிக் கதைப்பார்கள்.

இரண்டாவது சனிக்கிழமையே ஒருவன் கத்தினான்.

"ரீச்சர், அவ இங்கிலிஷ் கதைச்சவ!"

"அது இங்கிலிஷ் இல்லை, டச்சு" என்றாள் இன்னொருத்தி. "டச்சுக்கு மட்டை இல்லை."

வகுப்பு இரண்டு பட்டது. எல்லோரும் தீர்ப்புக்காக என்னைப் பார்த்தார்கள்.

"தமிழ் இல்லாத எல்லாம் ஒண்டுதான்" என்றேன்.

நான் நூலை விரித்துப் பிடிக்க, அவள் தானாகவே தலையைக் குனிந்து கொடுத்தாள். மற்றப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் யாரையாவது பிடித்துக் கொடுத்துத் தப்பிவிடுவார்கள். இவள் யாரையும் பிடித்துக் கொடுக்கவில்லை. மட்டை ஏறினால் ஏறினதுதான். எத்தனையோ சனிக்கிழமை மண்டபத்தில் முன்னால் நின்றாள். சரியான அழுத்தக்காரி என்று நினைத்தேன். கோடை முடிந்து வகுப்புகள் மறுபடி தொடங்கியபோது அவள் டச்சு பேசுவது நின்றிருந்தது. இடைவேளைகளில் ஜன்னலடியில் இருவரையும் காணவில்லை. வேறு ஏதோ சின்னச் சின்னக் காரணங்களுக்கு மட்டை அவளிடம் போய்க்கொண்டுதான் இருந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு அவளைப் பிடிப்பது சுலபமாகிவிட்டது. ஆனால் டச்சு நின்றுவிட்டதே என்று எனக்குத் திருப்தி.

என் தங்கை ரொறன்ரோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவியாளராக இருக்கிறாள். கோடை விடுமுறைக்கு முன்பே, ஆனி மாதத்தில், அவள் போன் எடுத்தாள்.

"அக்கா, இஞ்ச பிரதமர் பாராளுமன்றத்தில மன்னிப்புக் கேட்டவர். அந்தக் காலத்தில இஞ்சத்தைய முதற்குடியளின்ர பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டு போய் விடுதிப் பள்ளிக்கூடங்களில அடைச்சு வைச்சதுக்கு. எங்களோட வேலை செய்யிற மனுசி ஒராள் ரிவியைப் பாத்து அழுதழுது வீட்ட போயிட்டா. அவவின்ர அம்மா அப்பிடி ஒரு பள்ளிக்கூடத்தில இருந்தவவாம்."

"பேப்பரைப் பாத்து வாசிச்சவரோ, பாக்காமச் சொன்னவரோ?" என்று கேட்டேன்.

"பாத்துத்தான்."

"பேப்பரைப் பாத்துக் கேக்கிறதெல்லாம் ஒரு மன்னிப்பே?"

 "நான் உங்களுக்கு ஒரு புத்தகம் அனுப்புறன், வாசிச்சிட்டுக் கதையுங்கோ" என்றாள்.

புரட்டாதியில் புத்தகம் வந்தது. முப்பது பக்கம்கூட இல்லாத சிறுவர் படப் புத்தகம். நூலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன், பாண் துண்டைக் கடிக்க மறந்துபோனேன். ஓர் அக்காவும் தம்பியும். கிராமத்துக்கு ஒரு லொறி வருகிறது, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. பள்ளிக்கூடத்தில் தலைமயிரை ஒட்ட வெட்டுகிறார்கள். பெயரை எடுத்துவிட்டு இலக்கம் கொடுக்கிறார்கள். ஆண்பிள்ளைகள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் ஒரு பக்கம். சாப்பாட்டு மண்டபத்தில் அக்கா தம்பியைக் கண்டு தங்கள் மொழியில் கூப்பிடுகிறாள். அடி விழுகிறது. அடுத்த நாள் தம்பி இவளைப் பார்த்துக் கையசைக்கிறான், இவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. பின்பக்கத்தில் பெரியவர்களுக்காகச் சில குறிப்புகள் இருந்தன. அரசாங்கமும் தேவாலயங்களும் சேர்ந்து நடத்திய பள்ளிக்கூடங்கள். நூறு வருடத்துக்கு மேல். அடி, பட்டினி, நோய், வீடு திரும்பாத பிள்ளைகள். கடைசிப் பள்ளிக்கூடம் மூடியது தொண்ணூறுகளில். தொண்ணூறுகளில்! நான் லண்டனுக்கு வந்து, தங்கை கனடாவில் இறங்கி, நல்ல நாடு என்று விமான நிலையத் தரையைத் தொட்டுக் கும்பிட்டதற்கும் பிறகு. அந்தத் தரை யாருடையது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. காணி, காணி என்று உயிரை விடுகிற சனம் நாங்கள்.

இதை என் வகுப்புக்குச் சொல்லியே தீருவது என்று முடிவெடுத்தேன். ஒரு மொழியை வாயிலிருந்து பிடுங்கினால் என்ன நடக்கும் என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியட்டும், அப்போதாவது தமிழின் அருமை விளங்கும். இதுதான் என் எண்ணம். எவ்வளவு துணிவு பாருங்கள்.

ஐப்பசியில் ஒரு மழைச் சனிக்கிழமை. பிள்ளைகளைப் பாயில் இருத்தி, படங்களைக் காட்டிக் காட்டித் தமிழில் கதையைச் சொன்னேன். ஒரு பிள்ளையும் அசையவில்லை. ஹொலண்டிலிருந்து வந்தவள் முன்வரிசையில் இருந்தாள். அன்றைக்கும் மட்டை அவள் கழுத்தில்தான். படம் தெரியவில்லை என்று அதைக் கையால் ஒரு பக்கம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நானும் அதைக் கண்டேன். கண்டும் கதையைச் சொல்லிக்கொண்டே போனேன்.

அடி விழும் பக்கத்தில் ஒருவன் கை உயர்த்தினான். "ரீச்சர், அந்தப் பள்ளிக்கூட ரீச்சருக்குத் தான் செய்யிறது பிழை எண்டு தெரியாதோ?"

கேள்வி எனக்கு நன்றாகப் பிடித்தது. புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தேன். "தெரியும். நல்லாத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் செய்தவை. சின்னப் பிள்ளையின்ர வாயைப் பூட்டுறது பிழை எண்டு தெரியாத ஆள் உலகத்தில இருக்கேலாது." நல்ல ஆசிரியை என்று என்னை நானே மெச்சிக்கொண்ட கடைசித் தருணம் அது.

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்ளும் படம்.

"நானும் அப்பிடித்தான், ரீச்சர்" என்றாள் முன்வரிசையில் இருந்தவள்.

"என்ன பிள்ளை?"

"இன்ரேவலுக்குத் தம்பி மேல ஓடி வருவான். வந்தா டச்சிலதான் கதைப்பான். அதால நான் ரொய்லெட்டுக்குள்ள போய்ப் பூட்டிப்போட்டு நிப்பன். அவன் கதவில தட்டுவான். நான் பேசமாட்டன். பெல் அடிச்சாப் பிறகு வெளியில வருவன்."

அவள் அழவில்லை. முறைப்பாடு சொல்லவும் இல்லை. பாடத்துக்கு உதாரணம் கேட்டால் கை உயர்த்திச் சொல்வார்களே, அந்தக் குரல்.

நான் எழும்பிப் போய் மட்டையைக் கழற்றினேன். உல்லன் நூல் அவள் தலைமயிரில் சிக்கிக்கொண்டது. அவசரத்தில் இழுத்துவிட்டேன், அவள் "ஸ்" என்றாள். பிள்ளைகளுக்கு முன்னால் மட்டையைக் கிழிக்கப் பார்த்தேன். வளைந்ததே ஒழியக் கிழியவில்லை. இரண்டாய் மடித்துக் குப்பைக் கூடைக்குள் திணித்துவிட்டு, மிச்சக் கதையைச் சொல்லாமல் எல்லோரையும் படம் கீறச் சொன்னேன். வகுப்போடு ஒட்டியிருந்த சாமான் சிற்றறையில் போய் நின்றேன். தெரியாத ஆள் இருக்கேலாது என்று பத்து நிமிடத்துக்கு முன் நானே தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் என்னை நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மட்டையைப் பற்றி ஒருவராவது கேட்பார் என்று நினைத்துப் போனேன். அவர்களுக்குக் கோபம் புத்தகத்தில்.

தலைவர் வயதில் மூத்தவர், நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். "தங்கச்சி, வன்னியில எங்கட சனம் சாகுது. நீங்கள் இஞ்ச பிள்ளையளுக்குச் செவ்விந்தியன்ர கதை சொல்லிக்கொண்டிருக்கிறீங்கள்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ, அண்ணை. அவை அந்த நாட்டின்ர முதற்குடிகள்."

செயலாளர் இடையில் விழுந்தார். "கனடா எங்கட சனத்தைக் கூப்பிட்டுச் சோறு போட்ட நாடு. பிள்ளை வீட்ட வந்து, ரொறன்ரோ மாமா கெட்டவரோ எண்டு கேக்குது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யலாமோ?"

"ஆரின்ர வீடு, அண்ணை? எங்கட காணியைப் பிடிச்சிட்டாங்கள் எண்டு பாராளுமன்றத்துக்கு முன்னால போய்க் கத்துறம். அவையின்ர காணியில வீட்டைக் கட்டிக் குடிபூரலுக்குப் பால் காச்சுறம். ஒரு பேச்சுக்குக்கூட அவையைக் கேக்கேல்லை."

"அது அரசியல். இது பள்ளிக்கூடம். மட்டையை ஏன் எறிஞ்சனீங்கள்?"

சொன்னேன். கழிவறைக் கதவையும் சொன்னேன். தலைவர் என்னைப் பாவம்போலப் பார்த்தார். "அதுவும் இதுவும் ஒண்டோ, தங்கச்சி? அங்க பிள்ளையளை அடிச்சுச் சாகடிச்சவங்கள். இஞ்ச எங்கட பிள்ளையள் பன்னிரண்டரைக்கு வீட்ட போய்ச் சோறு சாப்பிடுதுகள்."

ஒன்றில்லைத்தான். எனக்கும் தெரியும். நாங்கள் யாரையும் லொறியில் ஏற்றவில்லை, யாருடைய தலைமயிரையும் வெட்டவில்லை. ஆனால் ஒன்றில்லை என்று சொல்லிவிட்டால் கதவைத் தட்டிய பையனுக்கு என்ன பதில்? அதைக் கேட்டேன்.

அந்தப் பிள்ளையின் தகப்பன் மூலையில் இருந்தார். மெலிந்த மனிதர், வான் ஓட்டுகிறவர், அன்றைக்கும் வேலை ஜக்கெட்டோடு வந்திருந்தார். எழும்பி நின்றுதான் பேசினார். "ரீச்சர், குறை நினையாதேங்கோ. நான் ஹொலண்டை விட்டு வந்ததே பிள்ளையளுக்குத் தமிழ் வரவேணும் எண்டுதான். அங்க தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒண்டரை மணித்தியாலம் ஓடவேணும். இனி டச்சு எங்களுக்கு என்னத்துக்கு? மட்டையைப் போடுங்கோ. பிள்ளை பழகிடும்."

"உங்கட மகள் ரொய்லெட்டுக்குள்ள பூட்டிக்கொண்டு நிக்கிறா. தெரியுமோ?"

"தெரியும். வீட்ட வந்து சொன்னவ." ஜக்கெட்டின் சிப்பை மேலே இழுத்தார். "அழேல்லைத்தானே, ரீச்சர்."

என் அப்பாவும் அழவில்லை. சிரித்தார். எழுபது வயதிலும் அந்த மரத்துண்டைச் சொல்லிச் சிரித்தார், நாங்கள் எல்லோரும் கூடச் சிரித்தோம். அந்தச் சினேகிதன் அதற்குப் பிறகு அப்பாவோடு பேசினானா என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. அந்த அறையில் கதிரையை உதைக்கவேண்டும் போல இருந்தது.

அப்போது செயலாளர் ஒரு கவரிலிருந்து எட்டு மட்டைகளை எடுத்து மேசையில் பரப்பினார். கணினியில் அடித்த எழுத்து, மேலே பிளாஸ்டிக் உறை ஒட்டி லமினேட் செய்தது, கழுத்துக்கு நீல நாடா. "இது கிழியாது" என்றார், பெருமையாக. வருகிற சனிக்கிழமையிலிருந்து எல்லா வகுப்புக்கும் இதுதான், அந்தப் புத்தகம் இனி வேண்டாம், விருப்பமில்லையென்றால் வகுப்பை வேறு ஆளிடம் கொடுக்கலாம் என்றும் சொன்னார்.

நான் எட்டையும் கூட்டி அள்ளிக் கைப்பைக்குள் போட்டேன். "இதைக் கண்டுபிடிச்சது நான். கொண்டுபோறதும் நான்தான்" என்று கத்தினேன். காவலாளி என்ன சண்டை என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஹரோவில் ஒரு வாரம் முழுக்க எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று கதை. ஆனால் சனிக்கிழமை காலையில் சம்பளமில்லாமல் வர ஆசிரியை கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆகவே வகுப்பை என்னிடமிருந்து எடுக்கவில்லை. புதிதாக லமினேட் செய்ய ஒருவரும் மினக்கெடவும் இல்லை. கொள்கை என்று முழங்கியவர்களின் உறுதி அவ்வளவுதான். அதற்கும் எனக்குக் கோபம். பட்டியலில் மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான்.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு முன்னால் நின்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். வாய் தடுமாறும் என்று பயந்து முதல்நாளே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாளைப் பார்த்துத்தான் வாசித்தேன். பாதியில் தங்கையிடம் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனாலும் தாளிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. எடுத்தால் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும்.

"ஓம், ரீச்சர்" என்றாள் அவள். பிறகு, "தம்பிக்கும் சொல்லவேணும். அவனுக்குத்தான் ஒண்டும் விளங்கேல்லை. நான் அவனோட கோவம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறான்."

இடைவேளைக்கு அவனைப் படியடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். குந்தியிருந்து, தாளில்லாமல் சொன்னேன். மட்டையை நான்தான் செய்தேன், அக்கா உம்மோடு கோபமில்லை, பிழை என்னுடையது. தமிழ் விளங்குகிற பையன்தான். ஆனாலும் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அதையே டச்சில் சொன்னாள். அந்தக் கட்டடத்தில் எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் டச்சு பேசினாள், நிறையப் பேசினாள், நான் சொன்னதைவிட மூன்று மடங்கு நீளமாக. அவன் கேட்டுக்கொண்டு நின்று, முதலில் அவள் கழுத்தைப் பார்த்தான். பிறகு என் இரண்டு கைகளையும் பார்த்தான். பிறகு ஏதோ ஒன்று கேட்டான்.

"ரீச்சர் இனியும் மட்டை செய்வாவோ எண்டு கேக்கிறான்."

"இல்லை எண்டு சொல்லும்."

சொன்னாள். அவன் தலையை ஆட்டினான்.

அதற்குப் பிறகு இடைவேளைகளில் இருவரும் மறுபடி ஜன்னலடியில் நின்றார்கள், ஒரே பிஸ்கட் பக்கெட்டோடு. நான் சத்தியமாக ஒரு மட்டையும் செய்யவில்லை. ஆனால் அந்த வருடம் முடியும்வரை, நான் அந்தப் பக்கமாக நடந்து போனால், அவன் அக்காவின் கையைப் பிடித்து இழுப்பான். நான் கடந்து போகும்வரை இரண்டு பேரும் பேசமாட்டார்கள்.